ஏலக்கூடத்தில் கொசுறு

இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை இன்டர்நெட்டுக்கு அளவு கிடையாது என்று ஒரு திட்டம் இருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். எட்டு மணி தாண்டிவிட்டால் மீட்டர் ஓடும். காதோரத்தில் நரை வந்தும் அதைப் பற்றி இன்னும் யாரிடமும் பேசாத நாம்தான், ஒரு படத்தை இறக்குவதற்காக அலாரம் வைத்து எழுந்த கடைசி ஆட்கள். எங்கள் வீட்டில் அந்த ஆறு மணி நேரத்தில் கடைசி ஒன்றே முக்கால் மணி என்னுடையது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதுக்குப் போவதற்கு முந்தைய கோடை விடுமுறை. அந்தக் கோடையில் நான் வியாபாரம் செய்தேன்.

வீடு மர்ஃபி டவுனில். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே ஒரு பரண். கம்ப்யூட்டர் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். வைட்ஃபீல்டில் ஒரு கால் சென்டரில் இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டுவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி வண்டியில் தெருமுனையில் வந்து இறங்குவார். மானிட்டர் பின்பக்கம் பெருத்த பழைய வகை. பகலில் அம்மா அதன்மேல் பூப்போட்ட தலையணை உறை ஒன்றை மாட்டி வைப்பார். மோடத்தில் நான்கு பச்சை விளக்குகள். மூன்றாவது விளக்கு நடுங்கினால் லைன் சரியாக இருக்கிறது என்று பொருள். கொஞ்ச நேரம் ஓடினால் மானிட்டரிலிருந்து சூடேறிய தூசு வாசனை வரும். வாசலிலிருந்து கொத்தமல்லி வாசனை வரும். இரண்டும் கலந்த அந்த வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கும் முகரவில்லை.

கொத்தமல்லி அம்மாவுடையது. அம்மா அல்சூர் மார்க்கெட்டில் காய்கறி விற்றார். நாலரைக்குக் கிளம்பி, மொத்தச் சந்தையில் வாங்கி, ஆறு மணிக்குச் சரக்கு ஆட்டோவில் திரும்புவார். வாசலில் சாக்கை விரித்து, கீரைக்குத் தண்ணீர் தெளித்து, கட்டுக் கட்டி, தக்காளியைத் தரம் பிரித்து, ஏழரைக்கு மார்க்கெட்டுக்குப் போவார். அப்பா அதற்குள் பீன்யாவில் லேத் ஓட்டுவதற்குக் கிளம்பியிருப்பார். ஆக, காலை ஆறேகாலுக்கு அம்மா வாசலில் தன் சரக்கோடும், நான் ஆறடி தள்ளி என் சரக்கோடும் உட்கார்ந்திருப்போம்.

என் சரக்கு விளையாட்டுக்குள் இருந்தது. மாமாவின் பாத்திரம் தோள் அகன்ற, கத்தி ஏந்திய ஒரு ஆள். அம்மா அதைப் பூதம் என்பார். மாமா வேலையிலிருந்து வந்ததும் முக்கால் மணி நேரம் பூதத்தைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சண்டை போடுவார். போகிற வழியில் செடிகளிலிருந்து மூலிகை பறித்துப் பையில் போட்டுக்கொள்வார். ஆறேகாலுக்கு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்துவிடுவார். பறித்த மூலிகையை விற்பது என் வேலை. முதலில் அவர் கெஞ்சிக் கொடுத்த வேலை. இரண்டு வாரத்தில் அவர் கேட்டாலும் நான் விட்டுக்கொடுக்காத வேலை.

அந்த விளையாட்டை ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளையாட்டுக்குள் ஒரு கல் நகரம். அதன் நடுவில் ஏலக்கூடம். மேடையில் நிற்கும் ஒரு ஆளை மவுஸால் தட்டினால் பட்டியல் விரியும். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்திருப்பவர்கள் விற்க வைத்த தோல், இரும்பு, மூலிகை, மருந்து, தொப்பி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை. ஒன்று ஏலம் தொடங்கும் விலை. மற்றது உடனே எடுத்துக்கொண்டு போகும் விலை. முதல் விலையில் ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, இன்னொருவர் வந்து இரண்டாவது விலையைக் கொடுத்துப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதுதான் அங்கே நியாயம். விற்றால் காசு, வாங்கியவர் பெயரோடு, வெளியே தெருவில் இருக்கும் தபால்பெட்டிக்கு வரும். விற்காவிட்டால் சரக்கும் அதே பெட்டிக்குத் திரும்பும். நமக்குக் காலை ஆறு மணி என்பது அமெரிக்காவில் சாயங்காலம். கூடத்தில் கூட்டம் நெரியும் நேரம்.

எல்லாரும் மூலிகையை இருபது இருபதாகக் கட்டி வைத்திருந்தார்கள். பையில் ஒரு கட்டத்துக்குள் இருபதுதான் அடங்கும், அதனால் அப்படி. ஆனால் புதிதாக மருந்து காய்ச்சப் பழகுபவனுக்கு ஐந்து போதும். இருபது வாங்க அவனிடம் காசும் இருக்காது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் அம்மா தக்காளியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கிலோவாக வாங்குபவர்களுக்குக் கூடையில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு ஐந்து ஐந்தாகக் கூறு. கணக்குப் பார்த்தால் கூறு விலை கிலோ விலையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அன்றைக்குத் தேவை ஐந்துதான்.

நான் ஒரு இருபதை நான்கு கூறாகப் பிரித்து வைத்தேன். அம்மா அடுத்த சாக்கின் வாயை அவிழ்ப்பதற்குள் நான்கும் போயின.

பத்து நாள் அப்படியே ஓடியது. பூதத்துக்குப் புதுக் கவசம் வாங்கி மாட்டினேன். மாமா மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்து, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எங்க பூட்ட ஒடச்ச?"

"கூறு கட்டி வித்தேன் மாமா."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கொட்டாவி பாதியில் நின்றது.

பிறகு மற்றவர்களும் ஐந்து ஐந்தாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன், நான் என்ன விலை வைத்தாலும் அதிலிருந்து ஒரே ஒரு செப்புக் காசு குறைத்து வைப்பான். நான் குறைத்தால் அவனும் குறைப்பான். மூன்று நாள் இப்படிப் போனதில் இரண்டு பேரும் இலையைப் பறித்த கூலிக்குக்கூட விற்காத நிலைக்கு வந்தோம். அன்று காலை, ஏதோ பள்ளிக்கூட விஷயம் கேட்பதுபோல அம்மாவிடம் கேட்டேன்: பக்கத்துக் கடைக்காரன் எப்போதும் நம்மைவிடக் காலணா குறைவாகவே வைத்தால் என்ன செய்வது?

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "வெலயக் கொறைக்காத. கொசுறு போடு."

கொசுறு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயை நிறுத்துப் பையில் போட்டு, காசையும் வாங்கிய பிறகு, கடைசியாக மேலே விழும் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை, நான்கு காம்பு கொத்தமல்லி, இரண்டு பச்சை மிளகாய். அல்சூரில் கன்னடக்காரர்கள் அதைக் கொசரு என்பார்கள். "ஸ்வல்ப கொத்தம்பரி ஹாக்கம்மா" என்று கொஞ்சம் கொத்தமல்லி போடச் சொல்லி வாங்குவார்கள். உருது பேசும் வீட்டுப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் பையின் வாயைத் திறந்தபடியே நிற்பார்கள். அம்மா மூன்று மொழிக்கும் ஒரே கையால் பதில் சொல்வார்.

ஏலக்கூடத்தில் கையை நீட்டி மேலே எதையும் போட வழியில்லை. ஆனால் தபால் இருந்தது. வாங்கியவர் பெயரும் தெரியும். விற்ற ஒவ்வொரு கூறுக்கும், வாங்கியவருக்கு, மாமா பறித்ததிலிருந்து ஒரு பூவை இணைத்துக் கடிதம் போட்டேன். வாங்கியதற்கு நன்றி, இது கொசுறு, மீண்டும் வரவும் என்று எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி. கொசுறுக்கு ஆங்கிலம் தெரியாததால் அந்தச் சொல்லை அப்படியே விட்டேன். எல்லாருக்கும் ஒரே மூன்று வரி. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கடிதம்.

ஒரு வாரத்தில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு காசு குறைத்து வைப்பவனின் சரக்கு தேங்கியது. சிலர் பதில் போட்டார்கள். கனடாக்காரர் ஒருவர் தினமும் 'அன்புள்ள கொசுறு' என்று தொடங்கி எழுதினார். அது என் பெயர் என்று நினைத்துவிட்டார். இன்று யோசித்தால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அம்மா கொசுறாகப் போட்டது மறுநாள்வரை தாங்காத தழையை. நான் போட்டதோ வாடவே வாடாத பூவை. வியாபாரத்தில் நான் பாதியைத்தான் கற்றிருந்தேன்.

மாமாவுக்குக் காட்டில் ஒரு துணை உண்டு. அடிபட்டால் வைத்தியம் பார்க்கும் பாத்திரம். நான் அவரை வைத்தியக்காரி என்றே மனதில் வைத்திருந்தேன். ஷிவமொக்காவில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் வீட்டிலும் எட்டு மணி வரைக்கும்தான் நெட் இலவசம். ஆகவே அவரும் விடியற்காலையில்தான் வருவார். திரையின் இடது கீழ்மூலையில் இருவரும் ஆங்கிலத்தில் எழுதிப் பேசிக்கொள்வார்கள். நான்கு மாதமாக. பூதம் எத்தனை முறை செத்தது, எத்தனை முறை அவர் எழுப்பினார் என்பது தவிர, பள்ளியில் கரண்ட் போனது, அவருடைய அப்பாவின் கண் ஆபரேஷன், மாமாவிடம் கத்திய டெக்ஸாஸ்காரர் என்று எல்லாம் அந்த மூலையில் வரும். மாமா போன் நம்பர் கேட்டிருக்கிறார். முடிவெடுக்காமல் தரமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டே பின்னால் போய் நின்றபோது, மாமா அந்த மூலையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கல்யாணம் என்ற ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். பதில் வர நெடுநேரம் ஆனது. பிறகு வந்தது: யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் தபால்பெட்டியில் கடிதம் போடுகிறேன். சம்மதம் என்றால் அதில் நம்பர் இருக்கும்.

மாமா திரும்பிப் பார்த்தார்.

"படிச்சிட்டியா?"

வாயில் நுரை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அக்காகிட்ட சொன்னே, இனிமே கீபோர்டத் தொட முடியாது."

மறுநாள் வியாழக்கிழமை. பூதம் உள்ளே போகவில்லை. சாம்பல் நிறத் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வந்தது. விளையாட்டுக் கம்பெனியிலிருந்து மாமாவுக்கு மின்னஞ்சலும் வந்திருந்தது. ஒரே வாசகத்தை நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். காரணமில்லாமல் பொருள்களை இனாமாக அனுப்பியிருக்கிறீர்கள். இது விளம்பர மோசடிக்காரர்களின் வழக்கம் என்று கருதி உங்கள் கணக்கை மூடுகிறோம். புதிதாக ஒரு கணக்கைத் திறந்து உள்ளே வந்தால் இரண்டையும் நிரந்தரமாக மூடுவோம்.

மாமா நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். விளையாட்டுத் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்பவர்கள் அப்போது பிரவுசிங் சென்டர்களில் இருந்தார்கள்.

"யார்கிட்டயாச்சும் துட்டு வாங்கினியா?"

"இல்ல மாமா."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு என் ஸ்கூல் பையை எடுத்து, புத்தகம் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தார். ஒரு காம்பஸ், உடைந்த ஸ்கேல், கம்மல் திருகு ஒன்று. மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்தார். அவர் தூங்கவில்லை என்பது துண்டு அசைந்ததில் தெரிந்தது.

கொசுறு போட்டதால்தான் இது என்று நான் சாயங்காலம்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேசையில் உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினார். அழகான ஆங்கிலம். இரண்டாம் நாள் பதில் வந்தது. படித்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார். தங்கள் அக்கறைக்கு நன்றி, எங்கள் முடிவு இறுதியானது. "இத நானே டெய்லி அம்பது பேருக்கு அனுப்பறேன் பாப்பா. எடுத்து ஒட்றதுதான். எவனும் எழுதறது இல்ல, எவனும் படிக்கறதும் இல்ல."

ஞாயிறு வந்தது, போனது. அந்தப் பெட்டியில் கடிதம் விழுந்திருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. திறக்க முடியாது. விளையாட்டின் விதி ஒன்று உண்டு: படிக்காமல் கிடக்கும் தபால் முப்பது நாளில் அழிந்துவிடும். மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காலண்டரில் யாரும் எதையும் வட்டமிடவில்லை. ஆனால் இரண்டு பேருமே அந்தப் பக்கமாகப் போகும்போது அதைப் பார்த்தோம்.

இதெல்லாம் தெரியாமல் அம்மா அவருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். தங்கவயலில் ஒரு வீட்டில் சொல்லி, அடுத்துவரும் ஞாயிறன்று பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாமாவுக்கு இளநீலத்தில் ஒரு சட்டை வாங்கி வந்தார். மாமா அதைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்தார். வேலை போய்விட்டது என்று அம்மா நினைத்தார். பிறகு குடிக்கிறான் என்று நினைத்து, துவைக்கப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. தன் தம்பியைப் பற்றி அந்த வாரம் அம்மா நினைத்த ஐந்தாறு விஷயங்களும் தப்பு. நான் அம்மாவைப் பற்றி நினைத்ததும் தப்பு. சொன்னால் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை, மாமா வந்து படுத்த பிறகு, வாசலில் போய் உட்கார்ந்து சொன்னேன். அம்மா அரைக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். கூறு, கொசுறு, வைத்தியக்காரி, கேள்வி, பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாழைநாரை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணுதானா அது?"

"ஸ்கூல் டீச்சர்மா."

"மொகத்தப் பாத்துக்கீறானா?"

"இல்ல."

நான்கு கட்டு கட்டினார்.

"கேட்டுட்டானா?"

"கேட்டாரு. யோசிச்சி சொல்றேன்னு சொன்னாங்க."

அம்மா எழுந்து உள்ளே போய், துண்டுக்கு அடியில் கண்ணை மூடிக்கிடந்த மாமாவின் காலைத் தட்டினார்.

"டேய், எந்திரி. தங்கவயலுக்கு ஞாயித்துக்கிழமை வரலன்னு சொல்லிடறேன்."

மாமா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒருத்தங்க ஒரு காய கையில எடுத்துப் பாத்துனு நிக்கிறாங்க. வாங்கறேன்னும் சொல்லல, வேணாம்னு கீழ வெக்கவும் இல்ல. அப்ப இன்னொருத்தருக்கு அத வெல சொல்லக்கூடாது. நான் சொன்னதில்ல. உன்ன வெச்சினும் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு கீழ வெக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

மார்க்கெட்டில் அந்த வழக்கத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். ஒரு பூசணியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசிப்பார்கள். பின்னால் நிற்பவர் இரண்டு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றாலும் அம்மா காதில் வாங்கமாட்டார். யோசிப்பவர் அதை வைத்தால்தான் அடுத்த பேச்சு. நான் ஒன்றரை மாதம் வியாபாரம் செய்த ஏலக்கூடத்தில் இப்படி ஒரு விதி இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அங்கே யோசிப்பவருக்குப் பொருள் இல்லை. கூடம் கட்டப்பட்டதே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தங்கவயலில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், அம்மா மாமாவைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். நான் சொல்வதை எழுது என்றார்.

"மூணு வரிக்கு மேல போனா படிக்க மாட்டாங்கக்கா. நாங்களே படிக்க மாட்டோம்."

"நீ படிக்க மாட்டே. எழுது."

அவர் சொல்லச் சொல்ல மாமா ஆங்கிலத்தில் தட்டினார். நான் காய் விற்கிறவள், இது என் தம்பியின் கணக்கு, கடிதம் போட்டது என் மகள், வயது பதின்மூன்று. கொசுறு என்ற இடத்தில் மாமா நின்றார். இலவச மாதிரி என்று ஒரு சொல்லைப் போட்டுப் படித்துக் காட்டினார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"மாதிரின்னா விக்கறதுக்கு முந்தி குடுக்கறது. கொசுறு வித்தப்புறம் குடுக்கறது. ஏமாத்தறவன் முன்னாடிதான்டா குடுப்பான், ஆசை காட்றதுக்கு. துட்டு நம்ம கைக்கு வந்தாச்சு, சரக்கு அவங்க கைக்குப் போயாச்சு. அதுக்கப்புறம் ஒரு பூவக் குடுத்து இன்னாத்த ஏமாத்தப் போறோம்? இத எழுது. ஒவ்வொரு லெட்டரும் வித்தப்புறம் போனதா இல்லையான்னு அவங்க நோட்டப் பாக்கச் சொல்லு."

மாமா கையை எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு வேகமாகத் தட்டினார். கொசுறு கொசுறாகவே நின்றது. பனியனோடு வந்து பின்னால் நின்ற அப்பா, இது எந்த வாஷிங் மெஷினுக்கு என்று கேட்டார். கடைசியில் அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "என் தம்பிக்கு வரவேண்டிய ஒரு லெட்டர் உங்க பெட்டியில மாட்டினு கீது. கணக்கு வேணும்னா நீங்களே வெச்சிக்குங்க. அந்த லெட்டர மட்டும் குடுத்துடுங்க."

பத்தொன்பது நாள் பதில் இல்லை. புதுப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டேன். மாம்பழம் முடிந்து நாவல்பழம் வந்தது. அம்மா தினமும் சாக்கை விரித்துக்கொண்டே "தபால் வந்துச்சா?" என்பார், நான் இல்லை என்பேன். மாமா கேட்பதை நிறுத்திவிட்டார்.

பள்ளி திறந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, ஆறு மணி சுமாருக்கு, வந்திருந்தது. இந்த முறை எடுத்து ஒட்டியதல்ல. ஒரு மனிதர் எழுதியிருந்தார், கீழே தன் பெயரோடு. சரிபார்த்தேன், ஒவ்வொரு கடிதமும் விற்பனைக்குப் பிறகே போயிருக்கிறது, உங்கள் தாயார் சொன்னது சரி என்று எழுதியிருந்தார். அம்மாவை மாமாவின் தாயார் என்று நினைத்துவிட்டார். கணக்கைத் திறந்துவிட்டோம், இனிமேல் எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பவேண்டாம் என்று கேட்டிருந்தார். தன் ஊர் ரொட்டிக் கடைகளில் ஒரு டஜன் கேட்டால் பதின்மூன்று கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்ததாகவும், அதற்கு அங்கே தனியாக ஒரு பெயரே உண்டு என்றும் கடைசியில் ஒரு வரி.

மாமா உள்ளே போனார். பூதம் ஏலக்கூட வாசலில், நான் விட்ட இடத்திலேயே நின்றது. தபால்பெட்டியைத் திறந்தார். விற்காமல் திரும்பிய மூலிகை, கொசுறு ஏன் நின்றது என்று கேட்டுக் கனடாக்காரர் எழுதியவை, பக்கம் பக்கமாக. புதிது மேலே, பழையது கீழே. மேலேயே வைத்தியக்காரியின் பெயர் இருந்தது.

"நீ படி பாப்பா" என்று சொல்லிவிட்டு மாமா மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார்.

படித்தேன். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான். புரிந்துகொண்டேன். உங்கள் நேரத்துக்கு நன்றி.

உங்கள் நேரத்துக்கு நன்றி என்பது மாமா ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு போனையும் வைக்கும்போது சொல்லும் வாக்கியம். வாசலில் அம்மா தண்ணீர் தெளிப்பது நின்றது.

"அதுக்குக் கீழ இன்னா இருக்கு?" என்றார் அம்மா.

கீழே போனேன். கனடா, மூலிகை, மூலிகை. இரண்டாவது கடிதம். நம்பரைச் சரியாக எழுதினேனா என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் மறுபடி எழுதுகிறேன். பத்து இலக்கம்.

மாமா திரும்பினார். மவுஸை என் கையிலிருந்து வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஓரத்தில் இன்னும் நான்கு நாள் என்று காட்டிய கடிதம். அதை அவரே படித்தார். சம்மதம். ஆனால் தட்டோடு வந்து யார் முன்னாலும் உட்காரமாட்டேன். நீங்கள் ஷிவமொக்காவுக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள். அப்பாவுக்குக் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. கீழே அதே பத்து இலக்கம்.

"போன் போடு" என்றார் அம்மா.

"ஆறே முக்கால்கா. அதுவும் வேணாம்னு எழுதிட்டாங்களே."

"எங்கடா வேணாம்னு எழுதிக்கீது? நீ வேணாம்னுட்டேன்னு நெனச்சினு எழுதிக்கீது. போடு."

கறுப்பு வெள்ளைத் திரை போன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கீச்சு. அங்கே எடுத்துவிட்டார்கள். மாமா வாயைத் திறந்தார். பழக்கத்தில் அமெரிக்க உச்சரிப்பில் வணக்கம் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. போனை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, கன்னடத்தில் பேசினார். நான் அவருடைய அக்கா, தப்பு எங்கள் வீட்டில்தான், பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், அவன் படிக்கவே இல்லை, பூட்டுக்குக் காரணம் ஒரு குழந்தை, அவளே இங்கே இருக்கிறாள். பிறகு போன் என் காதுக்கு வந்தது.

அதுவரை எழுத்தாகவே பார்த்தவருக்குக் கொஞ்சம் கரகரப்பான குரல் இருந்தது. என்ன வகுப்பு புட்டி என்று, சின்னப் பெண்களைக் கன்னடத்தில் செல்லமாகக் கூப்பிடும் சொல்லோடு கேட்டார். ஒன்பது என்றேன். டீச்சர்கள் கேட்பதுபோலவே அடுத்ததைக் கேட்டார். பொய் சொல்லாமல் சொல்லு. உன் மாமா என் கடிதத்தை எப்போது படித்தார்?

"இப்பதான். கடைசியா எழுதினத மொதல்ல படிச்சோம்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

"படித்ததும் என்ன செய்தார்?"

மோடத்தைப் பார்த்தார் என்றேன். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். மாமா சுவரோரம் நின்று, ஒரு மாதமாகப் பிரிக்காத நீலச் சட்டையின் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததைச் சொன்னேன்.

மறுமுனையில் ஒரு கோழி கூவியது, பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்பட்டது.

"போனை அவரிடம் கொடு, புட்டி" என்றார் அத்தை.